மண்ணடுக்கே ஏடு



சவ்வாது மலையில், இறந்தோர்க்கென இரும்புக்கால மக்கள் பலகைக் கற்களால் எழுப்பிய கல்திட்டைகள் இன்றும் நிற்கின்றன. அவர்க்கும் முந்தையோர் வாழ்வை அறிவிப்பது, திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளி. நடுவண் தொல்லியல் துறை 1964-65, 1967-68 ஆம் ஆண்டுகளில் அவ்வூரை அகழ்ந்தது. கீழடுக்கில் புதிய கற்காலத்தாரின் குழிவீடுகளும், தீட்டிய கற்கோடரிகளும், கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்தன. அவ்வடுக்கின் காலம் கி.மு. 1390 எனக் கரிமக் கணிப்பு காட்டிற்று. புதிய கற்காலத்திலேயே இம்மண்ணில் பயறு விளைந்ததென்பது இதனாற் பெறப்படும்.

அத்தகைய கற்கோடரிகளை மலைமக்கள் கோயில்களில் வைத்து வழிபடுகின்றனர். அதனாலேயே அவை அழியாது எஞ்சின. கல்திட்டைக்கோ அக்காவலும் இல்லை. எழுதா வரலாற்றுக்கு மண்ணடுக்கே ஏடு. பலகைக்கல் ஒன்று பெயர்க்கப்படின், அவ்வேட்டில் ஓரிதழ் கிழியும். அதற்குப் படி வேறில்லை. கல்லைக் காப்பதே வரலாற்றைக் காப்பதாகும்!