வீடு வாங்குமுன்



"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். கட்டுவதில் உள்ள தொல்லைக்கு அஞ்சியே இன்று பலர் கட்டிய வீட்டை விலைக்கு வாங்குகிறார்கள். ஆனால் தொல்லை அங்கும் உண்டு. சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் மறைந்திருப்பதால் அது வாங்குகிற அன்று தெரிவதில்லை. கட்டடப் பொறியாளன் என்ற முறையில், பிறர் வாங்கவிருக்கும் வீடுகளைப் பார்த்துச் சொல்லும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அந்த அனுபவத்தில் கண்டவற்றுள் சிலவற்றை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

சந்தையில் மாடு வாங்கும் உழவரைப் பாருங்கள். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலடி நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார். தமக்குப் போதிய பழக்கம் இல்லாவிட்டால், விவரம் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போவார். கத்திரிக்காய் வாங்கும் இல்லத்தரசியும் காம்பைத் திருப்பிப் பார்த்தே கூடையில் போடுகிறார். ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தைக் கொடுத்து, அதன் மேலும் இருபது ஆண்டுக் கடனை ஏற்று, ஒரு வீட்டை வாங்கும்போது மட்டும் அரைமணி நேரம் உள்ளே சுற்றிவந்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறோம்.

பத்திரங்களைப் பார்ப்பதில் நாம் குறை வைப்பதில்லை. தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வழக்கறிஞரிடம் கொடுத்து ஆராயச் சொல்கிறோம். வாசல் எத்திசையை நோக்குகிறது, அடுக்களை எம்மூலையில் உள்ளது என்று அறிந்தவர்களைக் கேட்கிறோம். இவை அவரவர் தேவையையும் நம்பிக்கையையும் பொறுத்தவை. நான் குறுக்கே பேசவில்லை. வீடு யாருக்கு உரியது என்பதைப் பத்திரம் சொல்லும். கூரை இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைச் சொல்லாது. அதைக் கட்டடத்தையே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"வங்கியிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டாரே, அது போதாதா?" என்று பலர் என்னைக் கேட்பதுண்டு. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர், கொடுக்கும் கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்று கணிக்க வருகிறார். நிலத்தின் விலை, கட்டடத்தின் பரப்பு, வயது ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போவார். மாடிக்குளியலறையின் கீழே தளம் ஊறிப்போயிருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது அவருக்கு இடப்பட்ட வேலையன்று. அவர் வங்கிக்காக வருகிறார். உங்களுக்காக ஒருவர் வர வேண்டும்.

சட்டம் நம்மைக் காக்காதா என்ற கேள்வியும் எழும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 55-ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. விற்பவர் தமக்குத் தெரிந்த முக்கியமான குறையை வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும் என்பது அதன் விதி. ஆனால் எந்தக் குறை? வாங்குபவர் அறியாததும், சாதாரணக் கவனத்துடன் பார்த்தால் கண்டுகொள்ள முடியாததுமான குறை. கவனித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய விரிசலைப் பற்றிப் பிறகு முறையிட்டால், "நீர் ஏன் பார்க்கவில்லை?" என்ற கேள்வி நம்மை நோக்கியே திரும்பும். புதிய அடுக்குமாடிகளைப் பொறுத்தவரை, 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் ஒரு பாதுகாப்புத் தந்திருக்கிறது. அதற்கு உட்பட்ட கட்டடத்தில், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் அமைப்புக் குறை ஏதும் சுட்டிக்காட்டப்பட்டால், கட்டி விற்றவர் 30 நாட்களுக்குள் செலவின்றிச் சரிசெய்து தர வேண்டும். தனியார் ஒருவரிடம் வாங்கும் பழைய வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

இங்கிலாந்தில் வீடு வாங்குவோர் சர்வேயர் ஒருவரைக் கொண்டு சோதிப்பது நெடுநாளைய வழக்கம். அத்தொழிலாரின் சங்கம் 1868-இலேயே அங்குத் தோன்றிவிட்டது. அமெரிக்காவில் வீட்டுச் சோதனையாளர்கள் 1976-இல் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டார்கள். நம் நாட்டில் இவ்வழக்கம் இப்போதுதான் பரவுகிறது. கட்டட அமைப்பில் தேர்ச்சி பெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்தால் இந்த வேலை முடியும். அவர் என்ன பார்ப்பார் என்பதை இனிச் சொல்கிறேன்.

முதலில் நிலம். தெருவைவிட வீட்டின் தரைமட்டம் உயர்ந்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா? ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போடுவதால், கட்டிய காலத்தில் மேடாக இருந்த வீடு இன்று பள்ளமாகிவிடுகிறது. சென்னையில் வாங்குவோர், 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்க வேண்டும். விற்பவர் மறந்திருந்தாலும் எதிர்வீட்டுப் பாட்டி மறந்திருக்க மாட்டார். ஊர்ப்பெயரும் சான்று சொல்லும். தாங்கல் என்றாலே சிறிய ஏரி என்று பொருள். தியாகராய நகரின் பெரும்பகுதி 1920-களில் மாம்பலம் ஏரி இருந்த பரப்பில் எழுந்ததுதான். அத்தகைய இடங்களில் வாங்கவே கூடாது என்பதில்லை. அடித்தளத்தைப் பற்றி இரட்டிப்புக் கவனம் வேண்டும். கரிசல் மண்ணிலும் அப்படியே. அது மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். மேலுள்ள சுவரையும் உடன் அசைக்கும்.

அடுத்தது விரிசல். விரிசலைக் கண்டவுடன் அஞ்ச வேண்டியதில்லை. பூச்சில் சிலந்தி வலைபோல ஓடும் மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் பூச்சோடு நிற்பவை. சன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படிப்படியாக ஏறும் வெடிப்பு, உள்ளும் புறமும் ஒரே இடத்தில் தெரியும் வெடிப்பு, தூணிலோ விட்டத்திலோ காணும் வெடிப்பு ஆகியவை வேறு இனம். அடித்தளம் ஒருபக்கம் இறங்கியிருக்கலாம் என்று அவை எச்சரிக்கின்றன. வெடிப்பு இன்னும் வளர்கிறதா என்று அறிய ஓர் எளிய முறை உண்டு. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைப் பூசி ஒட்டி, சில வாரங்கள் விட்டு வைப்பார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடும்.

மூன்றாவது கூரை. கான்கிரீட் தளத்தின் அடியில் பழுப்பு நிறக் கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடினால், உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று பொருள். துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பலமடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடித்துப் பெயர்ந்து விழும். கடற்காற்று வீசும் ஊர்களில் இது விரைவில் நேரும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல தளம் 'கணீர்' என்னும். பிரிந்த தளம் 'பொத்' என்னும். பழைய மெட்ராஸ் டெரஸ் மச்சுகளில் தேக்குக் கட்டைகளின் மேல் செங்கலைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டிருப்பார்கள். அவை தரத்தில் தாழ்ந்தவை அல்ல. ஆனால் கட்டையின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில்தான் ஈரம் சேர்ந்து உளுத்துப்போகும்; நடுவில் பார்த்தால் தெரியாது. முனையில் திருப்புளியை அழுத்திப் பார்க்க வேண்டும். கறையானின் மண்தடம் இருக்கிறதா என்று நிலைகளின் பின்புறமும் பார்க்க வேண்டும்.

நான்காவது, தண்ணீரும் மின்சாரமும். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டுப் பாருங்கள். கழிவுநீர் தடையின்றிப் போகிறதா, எங்கே போகிறது என்று கேளுங்கள். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். மின்கம்பிகளுக்கு நிலத்தொடர்பு சரியாக உண்டா, கசிவு நேர்ந்தால் தானே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவி பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதும் உயிரைக் காக்கும் செய்திகள்.

ஐந்தாவது, பலர் எண்ணிப் பாராத ஒன்று. ஒரு மாடிக்கென்று போட்ட அடித்தளத்தின் மேல் பின்னால் இன்னொரு மாடியும், அதன் மேல் ஓர் அறையும் எழுந்திருக்கும். அனுமதி பெற்ற வரைபடத்தையும் நிற்கும் கட்டடத்தையும் ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். வரைபடத்தில் இல்லாத மாடி சட்டத்துக்கும் பகை, தூணுக்கும் பகை.

இத்தனையும் பார்ப்பதால் பேரம் முறிந்துவிடுமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். கடலோர நகர் ஒன்றில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தாம் வாங்கவிருந்த வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார். இருபத்தைந்து ஆண்டு வீடு. புதிதாக வண்ணம் பூசியிருந்தது. நான்கு அறைகளுள் ஓர் அறையில் மட்டும் அலங்காரப் பொய்க்கூரை மாட்டியிருந்தது. "ஏன் இந்த அறையில் மட்டும், ஐயா?" என்று உடையவரைக் கேட்டேன். "வாடகைக்கு இருந்தவர் அழகுக்காகப் போட்டுக்கொண்டார்" என்றார். அவருடைய சம்மதத்துடன் ஒரு பலகையைக் கழற்றச் செய்தேன். மேலே கான்கிரீட் உதிர்ந்து, கம்பிகள் துருவேறித் தொங்கின. அதற்கு நேர் மேலே மாடிக்குளியலறை. அந்த அறையில்தான் பேரப்பிள்ளைகளைப் படுக்கவைக்க எண்ணியிருந்ததாக ஆசிரியர் தாழ்ந்த குரலில் சொன்னார். உடையவரும் உண்மையிலேயே திகைத்துப் போனார். அவர் வெளியூரில் வாழ்ந்தவர். பழுதுபார்க்க ஆகும் செலவை நான் எழுதிக் கொடுத்தேன். அத்தொகையை விலையில் கழித்துக்கொள்ள இருவரும் மனமொப்பினார்கள். முட்டுக் கொடுத்து, அந்தப் பகுதித் தளத்தை இடித்துப் புதிதாகப் போட்ட பின்பே ஆசிரியர் குடிபுகுந்தார். மறைந்திருந்த குறை வெளிப்பட்டதால் யாருக்கும் பகை விளையவில்லை. அது மறைந்தே இருந்திருந்தால் என்ன விளைந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

"எங்களுடையது புத்தம்புது வீடு, சோதனை எதற்கு?" என்பார் சிலர். 2014 ஜூன் 28-ஆம் நாள் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் இடிந்து விழுந்த 11 மாடிக் கட்டடம், கட்டி முடியும் முன்பே விழுந்தது. 61 உயிர்கள் மாண்டன. புதுமை என்பது உறுதிக்குச் சான்றாகாது. அடுக்குமாடியில் வாங்குவோர் தங்கள் கதவுக்கு உள்ளே மட்டும் பார்த்துத் திரும்பிவிடக் கூடாது. கீழே வண்டி நிறுத்தும் இடத்துத் தூண்களையும், மேலே மொட்டைமாடியையும், பொதுத் தண்ணீர்த் தொட்டியையும் பார்க்க வேண்டும். நடுவிலுள்ள உங்கள் வீட்டின் ஆயுள் அவற்றில் அடங்கியிருக்கிறது.

யாரை அழைப்பது, எப்போது அழைப்பது? விற்பவரும் தரகரும் அழைத்துவரும் ஆள் வேண்டாம். பழுதுபார்க்கும் வேலையைத் தாமே எடுத்துச் செய்ய விரும்புகிறவரும் வேண்டாம். அவர் கண்ணுக்குக் குறை பெரிதாகத் தெரியக்கூடும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அழையுங்கள். நல்ல நாள் தவறிவிடும் என்று முன்பணம் கொடுத்தே ஆக வேண்டியிருந்தால், சோதனையில் பெருங்குறை தெரிந்தால் பணம் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சோதனையின்போது நீங்களும் கூடவே நடந்து, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடிவை வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் பெறுங்கள். உடனே ஆபத்தானது எது, ஓரிரு ஆண்டில் சரிசெய்ய வேண்டியது எது, பொருட்படுத்த வேண்டாதது எது என்று அது பிரித்துச் சொல்ல வேண்டும்.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சித்திரை வெயிலில் எல்லா வீடும் உலர்ந்தே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே வீட்டை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஓதம் ஏறும் சுவரும், ஒழுகும் மூலையும், நீர் தேங்கும் வாசலும் தாமே தம்மைக் காட்டிக்கொடுக்கும். அடைமழையைவிடச் சிறந்த சோதனையாளர் எவரும் இல்லை. அவருக்குக் கூலியும் இல்லை.

சோதனை செய்பவரும் எல்லாம் அறிந்தவர் அல்லர். மண்ணுக்குள் இருக்கும் அடித்தளத்தை அவர் தோண்டாமல் காண முடியாது. சுவருக்குள் ஓடும் குழாயைப் பிளந்து பார்க்க முடியாது. கான்கிரீட்டின் உறுதியை உடைக்காமலே கணிக்கும் கருவிகள் உண்டு. ஐயம் வலுத்தால் அவற்றைப் பயன்படுத்தலாம். அவர் தரக்கூடியது, குறை எங்கே இருக்கக்கூடும் என்ற தெளிவு. வாங்குவதா, விலையைக் குறைத்துக் கேட்பதா, விட்டுவிடுவதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

விற்பவரிடம் குறையைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர் கூசுகிறார்கள். நேர்மையானவர் அதற்கு வருந்த மாட்டார். வருந்துகிறவர் ஒருவர் இருந்தால், அவருடைய வீட்டை இன்னும் ஒருமுறை பார்ப்பது நல்லது. வீட்டின் விலையில் ஒரு சிறு பங்கை இச்சோதனைக்குச் செலவிட்டு, உங்கள் பிள்ளைகள் எந்தக் கூரையின் கீழ் உறங்கப் போகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.