ஜட்ஜை ஓட்டுப்போட்டுத் தெரிந்தெடுக்கலாமா?

(குன்னூரில் தேயிலைத் தோட்டத் தோழர்களிடையே பேசியதன் சாரம்)



கூட்டம் ஆரம்பிக்குமுன் ஒரு தோட்டத் தோழர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "பஞ்சாயத்து மெம்பர் முதல் பார்லிமெண்டு மெம்பர் வரை நம் ஓட்டினால் வருகின்றார்கள். நம்முடைய நிலத்தையும் கூலியையும் பற்றித் தீர்ப்புச் சொல்லுகிற ஜட்ஜு மாத்திரம் நம்மைக் கேளாமலே வந்து உட்காருகின்றாரே, இது என்ன நியாயம்?" என்றார். இது அலட்சியமாய்த் தள்ளக்கூடிய கேள்வியல்ல. ஆதலால் நாம் பேச எண்ணி வந்ததை விட்டுவிட்டு இதற்கே பதில் சொல்லுகின்றோம்.

சாமானிய மனிதனுக்கு நியாயஸ்தலம் என்பது டில்லியிலுள்ள சுப்ரீம் கோர்ட்டல்ல. குன்னூரிலும், கூடலூரிலும், கோத்தகிரியிலும் உள்ள கோர்ட்டுதான். ஒருநாள் கூலியை இழந்து பஸ் ஏறிப்போய் வாய்தாவுக்குக் காத்து நிற்பதும், சாட்சி சொல்லுவதும் அங்கேதான். மேல் கோர்ட்டுகள் பெரும்பாலும் கீழ்க் கோர்ட்டில் எழுதிவைத்த காகிதத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லுகின்றன. ஆகவே கீழ்க் கோர்ட்டில் உட்காருகின்றவர் யார் என்பது நமக்கு மிகவும் முக்கியமான காரியமாகும்.

ஓட்டினால் ஜட்ஜுகளை உண்டாக்குகின்ற தேசங்களும் இருக்கின்றன. அமெரிக்காவில் மிஸிஸிப்பி மாகாணம் 1832-லேயே ஜட்ஜுகள் எல்லோரையும் ஜனங்களே தெரிந்தெடுக்கும்படி செய்துகொண்டது. பிறகு பல மாகாணங்கள் அவ்வழியில் சென்றன. அங்கு ஜில்லா கோர்ட்டு ஜட்ஜாக வேண்டுமானால் விளம்பரம் ஒட்டவேண்டும், கூட்டம் போடவேண்டும், பணம் திரட்டவேண்டும். அந்தப் பணத்தைக் கொடுப்பவர் யார்? அந்தக் கோர்ட்டில் காரியம் உள்ளவர்களில் பலர் கொடுக்கின்றார்கள்.

ஒரு உதாரணம் சொல்லுகின்றோம். மேற்கு வர்ஜீனியாவில் மாஸி என்கின்ற நிலக்கரிக் கம்பெனி 5 கோடி டாலர் கொடுக்கவேண்டும் என்று கீழ்க் கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. அப்பீல் போகுமுன் 2004-இல் அம்மாகாண உயர்ந்த கோர்ட்டுக்குத் தேர்தல் வந்தது. கம்பெனித் தலைவர் பிளாங்கன்ஷிப் என்பவர் ஒரு அபேட்சகருக்காக 30 லட்சம் டாலர் செலவிட்டார். அந்த அபேட்சகர் ஜெயித்தார். கம்பெனியின் அப்பீலில் 3-க்கு 2 என்று கம்பெனிக்குச் சாதகமாய் முடிவாயிற்று. அம்மூவரில் அவரும் ஒருவர். 2009-இல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு, அவர் அவ்வழக்கை விசாரித்திருக்கக் கூடாது என்று சொல்லிற்று. அதுவும் 5-க்கு 4 என்ற கணக்கில்தான்! இந்த மலையில் தோட்ட முதலாளிக்கும் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கும் வழக்கு என்றால், முதலாளி பணத்தில் ஜெயித்த ஜட்ஜு யார் முகத்தைப் பார்ப்பார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டினால் நன்மையே இல்லை என்றும் நாம் சொல்ல வரவில்லை. மெக்ஸிகோவில் 2025 ஜூன் 1-ந்தேதி ஜட்ஜு தேர்தல் நடந்ததில், மிக்ஸ்டெக் என்கின்ற ஆதிகுடியைச் சேர்ந்த ஹூகோ அகிலார் என்பவர் சுப்ரீம் கோர்ட்டுத் தலைவராய் வந்தார். ஆனால் அத்தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களோ நூற்றுக்கு 13 பேர் போலத்தான். பட்டியல் நிறையப் பெயர். யாரென்று ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?

சரி, நம் நாட்டில் ஓட்டில்லை. பரீட்சை இருக்கின்றது. அரசியல் சட்டம் 234-ன்படி சர்வீஸ் கமிஷனையும் ஹைகோர்ட்டையும் கலந்து கவர்னர் நியமிக்கின்றார். அதனால் இங்கு எல்லாருக்கும் கதவு தானாகத் திறந்துவிட்டதா? திறக்கவில்லை. சென்னை மாகாணத்தில் 83 ஜில்லா முன்சீப் உத்தியோகங்களுக்கு ஆள் எடுத்தபோது, வகுப்புவாரி உத்தரவின்படி ஆதிதிராவிடர்க்கு 19, முஸ்லிம்களுக்கு 5, கிறிஸ்தவர்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 10, பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 32, பார்ப்பனர்களுக்கு 11 என்று பங்கிடப்பட்டது. ஜனத்தொகையில் நூற்றுக்கு 3 பேர் போல உள்ளவர்களுக்கு 83-இல் 11 போதவில்லையாம்! வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1951 ஏப்ரல் 9-ந்தேதி, ஆதிதிராவிடர்க்கும் பிற்பட்டோர்க்கும் ஒதுக்கியது செல்லும், மற்றப் பங்கீடு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அதே நாளில் காலேஜ் இடங்களைப் பற்றி வந்த தீர்ப்பையும் சேர்த்துச் சென்னை மாகாணத்தில் கிளர்ச்சி நடந்து, அவ்வருஷமே அரசியல் சட்டம் முதல் தடவையாகத் திருத்தப்பட்டது.

அதன் பலனை மலைவாசிகள் கண்டது எப்போது? ஜவ்வாது மலையைச் சேர்ந்த ஸ்ரீபதி என்கின்ற மலையாளிப் பழங்குடிப் பெண், பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதி, 23-ஆவது வயதில் சிவில் ஜட்ஜு உத்தியோகத்துக்குத் தேர்ந்தார். அது தெரிந்தது 2024-இல். மலையில் பிறந்தவர்க்கு மூளையில்லை என்று சொன்னவர்கள் இப்போது என்ன சொல்லுகின்றார்கள்? இந்த நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகளுக்கும், லயத்தில் வளரும் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் அந்தப் பரீட்சை ஏன் எட்டாது?

ஆனால் 2025 மே 20-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு, மூன்று வருஷம் வக்கீலாக இருந்தவரே பரீட்சைக்கு வரலாம் என்று தீர்ப்பளித்தது. அனுபவம் வேண்டும் என்பது நியாயந்தான். ஆனால் அந்த மூன்று வருஷமும் யார் சோறு போடுவது? தகப்பன் வக்கீலாக இருந்தால் பிள்ளைக்குக் கவலையில்லை. தகப்பன் தோட்டக் கூலியானால்? இளம் வக்கீல்களுக்குக் கிராமப்புறத்தில் மாதம் 15,000 ரூபாயாவது கொடுக்கவேண்டும் என்று பார் கவுன்சில் 2024-இல் சிபாரிசு செய்தது. சிபாரிசு அடுப்பில் வேகாது. அதைக் கட்டாயமாக்கும்படி நாம் கேட்கவேண்டும்.

இன்னொன்று, இதே மலையில் நடந்தது. உதகைக் கோர்ட்டில் பெண் வக்கீல்களுக்குக் கக்கூஸ் வசதியில்லை என்ற குறை 2023-இல் சுப்ரீம் கோர்ட்டு வரை போகவேண்டியதாயிற்று! பெண்கள் அங்கு வந்து தொழில் செய்வார்கள் என்கின்ற நினைப்பே இல்லாமல் நடந்து வந்ததென்றால், அவர்கள் ஜட்ஜாக வருவதைப் பற்றி யார் கவலைப்பட்டிருப்பார்கள்?

ஆகையால் கேள்வி கேட்ட தோழருக்கு நமது பதில் இதுதான். ஓட்டு வேண்டாம், பணக்காரன் கைக்கு அது போய்விடும். பரீட்சை இருக்கட்டும், அதில் எல்லா வகுப்பாருக்கும் பங்கும், ஏழைக்கு உதவியும் இருக்கட்டும். உட்கார்ந்த பிறகு அவரைக் கவனிக்கவேண்டியது நம் வேலை. கோர்ட்டு எல்லோருக்கும் திறந்த இடம். போய் உட்கார்ந்து கேளுங்கள். தீர்ப்பின் நகலை வாங்கிப் படித்தவரைக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். நடத்தையில் தவறு கண்டால் ஹைகோர்ட்டுக்கு எழுதுங்கள். 235-ன்படி கீழ்க் கோர்ட்டுகள் அதன் ஆதிக்கத்தில் இருக்கின்றன. 1987-ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடிகளுக்கும், தொழிலாளர்க்கும் இலவசமாய் வக்கீல் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

அதை விட்டு, கேஸ் ஜெயிக்கவேண்டுமென்று தேங்காய் உடைப்பதாலும், கோர்ட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டு நிற்பதாலும் ஒரு பலனுமில்லை. வக்கீல்களே கீழ்க் கோர்ட்டில் "ஐயா" என்றால் போதும் என்று பார் கவுன்சில் 2006-லேயே விதி செய்துவிட்டது. ஜட்ஜு கடவுள் அல்ல. நம் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் மனிதர். அவருக்கு மரியாதை கொடுங்கள். நிமிர்ந்து நின்று கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடிக்கின்றோம்.