வாயிற்படி தாண்டும் பூனை

(பகவான் மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





பகவானின் பிறந்தநாள் மேடையில் பேசுவோர் பெரும்பொருள்களை எடுத்துக்கொள்வது வழக்கம். அநேகாந்தம், வினைக்கோட்பாடு, மும்மணிகள் எனப் பலவற்றை இன்று காலை முதல் கேட்டீர்கள். நான் ஒரு பூனையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிலர் புன்முறுவல் பூப்பது தெரிகிறது. நானும் ஈராண்டுகளுக்கு முன்பு அவ்வாறே சிரித்திருப்பேன்.

வடபகுதி ஆருகதக் குடும்பத்தில் பிறந்த நான், தமிழாசிரியப் பணியின் பொருட்டுப் புளியங்குடிக்கு வந்து, ஓய்வு பெற்ற பின்னும் அவ்வூரிலேயே தங்கிவிட்டவன். மேற்கே மலைத்தொடர், ஊரைச் சுற்றி எலுமிச்சைத் தோட்டங்கள். எங்கள் வீட்டுப் பின்கட்டிலும் இரண்டு எலுமிச்சை மரங்கள் உண்டு. முள் அடர்ந்த அம்மரங்களில் சின்னான் கூடு கட்டும். அணில்கள் ஓட்டுச் சார்ப்பின் இடுக்கில் குட்டி ஈனும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சருகைக் கிளறும்.

ஓர் ஐப்பசி மழையில் நனைந்து நடுங்கிய பூனைக்குட்டி ஒன்று எங்கள் திண்ணைக்கு வந்தது. என் துணைவியார் பால் வைத்தார். மறுநாள் அது அடுக்களை வாயிலில் படுத்திருந்தது. அவ்வளவுதான், அது எங்கள் வீட்டுப் பூனையாயிற்று. பாலும் சோறும் தின்று வளர்ந்தது. 'நம் வீட்டுப் பூனை புலால் உண்ணாது' என்று வருவோரிடமெல்லாம் பெருமை பேசினேன். இரவில் பின்கதவைத் திறந்து விடுவோம். விடியலில் திரும்பி வரும். இடைப்பட்ட நேரத்தில் அது எங்கே சென்றது, என்ன செய்தது என்று நான் கேட்டதில்லை.

ஒரு சித்திரை விடியலில் அது தாயணில் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டது. தின்னவில்லை, போட்டுவிட்டுப் பாலுக்காகக் கத்தியது. அன்று பகல் முழுவதும் சார்ப்பின் இடுக்கிலிருந்து மெல்லிய குரல்கள் கேட்டவண்ணம் இருந்தன. ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். கண் திறவாத மூன்று குட்டிகள். பஞ்சில் பால் நனைத்து ஊட்டினோம். மறுநாள் மாலைக்குள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன.

விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி அப்போது கேட்டாள்: "தாத்தா, பூச்சி விழுந்து செத்துடும்னுதானே நாம ராத்திரி சாப்பிடறதில்ல? தண்ணியையும் வடிகட்டித்தானே குடிக்கிறோம்? அப்புறம் ஏன் ராத்திரி பூனைக்குக் கதவைத் திறந்து விடறோம்?"

முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் விடை சொல்லிப் பழகிய எனக்கு அன்று விடை கிடைக்கவில்லை. அதன்பின் நூல்களை எடுத்துப் படித்தேன். படித்தவற்றையும் எங்கள் வீட்டில் செய்தவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் நம் தமிழ் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். குறுந்தொகையில், மாலைப்பொழுதில் வேலியருகே வெருகினைக் கண்ட மனைக்கோழி தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் காட்சி உண்டு. அந்தி மயங்கும் வேளையே பூனையின் வேட்டை வேளை என்பதை அன்றைய புலவர் கூர்ந்து கண்டிருக்கிறார். தொல்காப்பிய மரபியலோ உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்துக் காட்டுகிறது. அதே இயலில் இளமைப் பெயர்களைக் கூறுமிடத்தில் மூங்கா, வெருகு, எலி, மூவரி அணில் ஆகிய நான்கின் இளமைக்கும் 'குட்டி' என்ற ஒரே பெயரை ஆசிரியர் உரிமையாக்குகிறார். இந்த நூற்பாவை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். கொல்லும் வெருகும் கொல்லப்படும் எலியும் அணிலும் ஒரே வரிசையில் நிற்பதை அந்த மூன்று குட்டிகளைப் புதைத்த பிறகே உணர்ந்தேன். மழையில் வந்ததும் குட்டி. சார்ப்பில் பசித்து மடிந்ததும் குட்டி. ஒன்றுக்கு இரங்கிய கை மற்றொன்றுக்குக் காலனாயிற்று.

அடுத்து நம் அறநூல்களுக்கு வருவோம். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் பயனின்றி விளைக்கும் தீங்குகளை 'அனர்த்த தண்டம்' என்று வகுத்து, அவற்றை விலக்குவதை இல்லறத்தார்க்கு விரதமாக்குகின்றன. அவற்றுள் ஒன்று இம்சாதானம். கொலைக்குக் கருவியாவதைப் பிறர்க்குக் கொடுப்பது. வாள், நஞ்சு, நெருப்பு ஆகியவை நம் நினைவுக்கு உடனே வரும். ஆனால் பிராகிருத நூலாகிய கார்த்திகேயானுப்ரேட்சை இவ்வகைத் தண்டத்தை விளக்கும்போது, பூனை முதலிய கொல்லும் விலங்குகளை வளர்ப்பதையே முதலாவதாகச் சொல்கிறது. படைக்கலம் விற்பது அதற்கு அடுத்தே வருகிறது.

இதைப் படித்ததும் 'அப்படியானால் பூனையைத் துரத்திவிட வேண்டியதுதானே' என்று ஒரு நண்பர் சொன்னார். அதுவும் அறமன்று. அடைக்கலம் புகுந்த உயிரைத் தெருவில் விட்டால் அது நாய்க்கோ, வண்டிச் சக்கரத்துக்கோ, நஞ்சுண்ட எலிக்கோ இரையாகும். வளர்த்த விலங்கைப் பசியாலோ தாகத்தாலோ துன்புறுமாறு தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். துரத்திவிட்ட பூனை வேட்டையை விடப்போவதுமில்லை. நம் கண்ணுக்குப் படாத இடத்தில் அது வேட்டையாடும். கண்ணுக்குப் படவில்லை என்பதனால் வினை நம்மைப் பற்றாமல் விடுமா?

'பூனையின் இயல்பு அது, அதன் வினை அதற்கு, நமக்கென்ன?' என்பது அடுத்த வாதம். காட்டில் திரியும் வெருகுக்கு இது பொருந்தும். ஆனால் நாம் பாலூட்டி, நோய்க்கு மருந்திட்டு, குளிருக்கு இடங்கொடுத்து வளர்க்கும் பூனை காட்டுயிர் அன்று. காட்டில் இரை குறைந்தால் வெருகும் குறையும். வீட்டுப் பூனைக்கு அந்த வரம்பு இல்லை. தோட்டத்தில் ஒரு குருவி மிஞ்சாவிட்டாலும் அதற்கு மாலையில் பால் உண்டு. 'வயிறு நிறைந்தால் வேட்டையாடாது' என்று நானும் நம்பியிருந்தேன். உண்மை அதுவன்று. பூனைக்குப் பசி வேறு, வேட்டையுணர்வு வேறு. வயிறு நிறைந்த பூனையும் அசைவதைக் கண்டால் பாயும். முற்றத்தில் அந்த அணில் தின்னப்படாமல் கிடந்ததன் காரணம் இதுவே. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் மனம், மொழி, மெய் ஆகிய மூன்றோடு உறழ ஒன்பதாகும் என்று சிறுவயதிலேயே கற்றவர்கள் நாம். இரவில் தாழ்ப்பாளைத் திறந்த என் கை அந்த ஒன்பதில் ஒன்றாகவேனும் இராதா?

இது நம் சமயத்தாருக்கு மட்டும் எழுந்த கவலை அன்று. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவில் பூனைகளால் ஆண்டுதோறும் 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகள் இறப்பதாக மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பகுதியைக் கொல்பவை உரியவர் இல்லாத பூனைகள் என்பதையும் அது கூறியது. அந்தப் பூனைகளின் முன்னோரும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டில் பால் குடித்தவையே. செருமனியின் வால்டோர்ஃப் என்னும் சிறு நகரில், தரையில் கூடுகட்டும் கொண்டை வானம்பாடியைக் காக்க, 2022-இல் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் பூனைகளை வெளியே விடலாகாது என ஆணை பிறந்தது. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகள் அனைத்தும் உரியவரின் எல்லைக்குள்ளேயே வைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். அணுவிரதம் அறியாத ஊரார் சட்டத்தால் செய்ததை, விரதம் பூண்ட நாம் விருப்பத்தோடு செய்யலாகாதா?

இனி, நம்மவர் எழுப்பும் மிகக் கூரிய தடைக்கு வருகிறேன். 'பூனையை அடைத்துவைப்பதும் இம்சை அல்லவா?' என்பது அது. தத்துவார்த்த சூத்திரம் அகிம்சாணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகைப்பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். பூச்சியபாதர் தம் உரையில், விரும்பிய இடத்துக்குச் செல்லவொட்டாமல் தடுப்பதே கட்டுதல் என்று விளக்குகிறார். எனவே இந்தத் தடையைத் தட்டிக்கழிக்க இயலாது. ஆனால் உரைமரபில் ஒரு வேறுபாடும் காட்டப்படுகிறது. இரக்கமின்றி இறுக்கிக் கட்டுவது ஒன்று. தீப்பற்றினால் அவிழ்த்துக்கொண்டு ஓடும்படி தளர்வாகக் கட்டுவது மற்றொன்று. சினத்தாலும் ஆசையாலும் கட்டுவது வேறு. காக்கும் பொருட்டுத் தடுப்பது வேறு. நடக்கப் பழகும் குழந்தை தெருவில் இறங்காதிருக்க வாயிலில் தட்டி வைக்கிறோம். அதைச் சிறை என்று எவரும் சொல்வதில்லை.

ஆதலால் எங்கள் பூனையைக் கூண்டில் இடவில்லை. பின்தாழ்வாரத்தைச் சுற்றிக் கம்பிவலை அடித்தோம். சன்னல்களுக்கும் வலை இட்டோம். வெயிலில் படுக்க ஒரு பலகை, ஏறி அமர ஒரு மரக்கிளை, நகம் தீட்டச் சாக்கு சுற்றிய கட்டை, மணல் நிரப்பிய தட்டு ஆகியவற்றை வைத்தோம். நாள்தோறும் அந்தியில் என் துணைவியார் கயிற்றில் துணி கட்டி இழுத்து அதனோடு விளையாடுகிறார். முதல் இரண்டு வாரம் கதவருகே நின்று கத்தியது உண்மை. என் உறுதி இருமுறை தளர்ந்ததும் உண்மை. பிறகு அது பழகிக்கொண்டது.

கருத்தடை அறுவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்பூனை ஐந்தாறு திங்களிலேயே சூல்கொள்ளும். ஏறத்தாழ ஒன்பது வாரத்தில் ஈனும். ஓராண்டில் இரண்டு மூன்று முறையும் ஈனக்கூடும். அக்குட்டிகள் சாக்கில் கட்டிக் குளக்கரையில் எறியப்படுவதை நம் ஊர்களில் கண்டிருக்கிறோம். அறுவை 'உறுப்பைச் சிதைத்தல்' ஆகாதா என்று என் துணைவியார் கேட்டார். ஆகாது என்று துணிந்து கூற என்னால் இயலவில்லை. கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். மயக்கமருந்து கொடுத்து வலி தெரியாமல் செய்தார். அன்று நாங்கள் இருவரும் உபவாசம் இருந்தோம். பெருந்தீங்கைத் தடுக்கச் சிறுதீங்கை ஏற்றோம் என்றே அதைக் கருதுகிறேன். தீங்கே இல்லை என்று பேச நான் முன்வரவில்லை.

உணவு இதைவிடக் கடினமானது. 'எங்கள் பூனை புலால் உண்ணாது' என்ற என் பழைய பெருமை அறியாமையின் விளைவு என்று மருத்துவர் உணர்த்தினார். பூனையின் உடலுக்கு டாரின் என்னும் சத்து இன்றியமையாதது. அது புலாலில் உள்ளது. சோற்றிலும் பருப்பிலும் இல்லை. அது குறைந்தால் பூனையின் கண்பார்வை கெடும், இதயம் தளரும். வேண்டிய உணவைத் தடுப்பதும் அதிசாரமே. ஆகவே மருத்துவர் சொன்ன தீவனத்தை வாங்கி, அடுக்களைக்குள் கொண்டுவராமல், தாழ்வாரத்தில் தனிக்கலத்தில் வைக்கிறோம். அதை வாங்கும் ஒவ்வொரு முறையும் என் மனம் கூசுகிறது. அந்தக் கூச்சம் மறைந்துவிடக் கூடாது என்றும் எண்ணுகிறேன்.

இதனால் நான் கண்ட முடிவு இரண்டு பகுதி உடையது. பூனை இல்லாத இல்லத்தார் அழகுக்காகவோ எலி பிடிப்பதற்காகவோ பூனையைத் தேடிக் கொண்டுவர வேண்டாம். எலிக்கு அஞ்சினால் தானியத்தை மூடியுள்ள தகரக் கலங்களில் வையுங்கள். கதவிடுக்கையும் சாக்கடைத் துளையையும் அடையுங்கள். எலியைக் கொல்ல மற்றோர் உயிரை ஏவுவது நம் அறத்துக்கு ஒவ்வாது. ஏற்கெனவே அடைக்கலம் புகுந்த பூனை உள்ள இல்லத்தார் அதைக் கைவிடவும் வேண்டாம். கட்டவிழ்த்து விடவும் வேண்டாம். வலையிட்ட இடம் அமைக்க வசதியில்லாதவர்கள், பொழுது சாய்வதற்கு முன் உள்ளே அழைத்து, காலையில் வெயில் ஏறும் வரையிலேனும் கதவைச் சாத்தி வையுங்கள். பறக்கப் பழகும் குஞ்சுகள் தரையில் தத்தித் திரியும் நாள்களில் பகலிலும் வெளியே விடாதீர்கள்.

சமவசரணத்தில் புலியும் மானும், பூனையும் எலியும் பகை மறந்து ஒருங்கே அமர்ந்து பகவானின் திருமொழியைக் கேட்டன என்று நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சங்கரன்கோயிலைக் கடந்து கழுகுமலைக்குச் சென்றால், பாறையில் அம்பிகை இயக்கியின் அருகே சிங்கம் அமைதியாக நிற்பதைக் காணலாம். அப்பகை தணிந்தது ஜினர் திருமுன்னர். நம் பின்கட்டில் அத்தகைய திருமுன் இல்லை. ஒரு தாழ்ப்பாள்தான் இருக்கிறது. அதைப் போடுவது நம் கடமை.

இன்று மாலை இல்லம் திரும்பி, கதிரவன் மறையுமுன் உணவை முடித்து, நீரை வடித்து வைப்பீர்கள். அப்போது ஒரு கணம் நின்று, நம் வீட்டுப் பூனை எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். இதையே என் பேத்தியின் சார்பாக உங்களிடம் வேண்டுகிறேன்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க! ஜினதர்மம் ஓங்குக!