ஆய்வுக்கூடத்திலிருந்து தெருவுக்கு எவ்வளவு தூரம்?



ஒரு பேராசிரியர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். அனைத்துலக ஆய்விதழில் கட்டுரை வெளிவருகிறது. பல்கலைக்கழகம் பாராட்டுகிறது. நாளிதழில் படத்தோடு செய்தியும் வருகிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து அந்தப் பொருள் எங்கே என்று தேடினால், ஆய்வுக்கூடத்து அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. உலகில் பல பல்கலைக்கழகங்களின் கதை இதுதான்.

இதற்குப் பேராசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் இருப்பது, கண்ணாடிக் குடுவைக்குள் ஒருமுறை வேலை செய்து காட்டிய ஒரு மாதிரி. தொழிற்சாலைக்காரர் கேட்பதோ, நாளொன்றுக்கு ஆயிரம் என்று ஒரே தரத்தில் செய்யக்கூடிய ஒரு பொருள். இந்த இரண்டுக்கும் நடுவே பல ஆண்டு உழைப்பும் பெரும் பணமும் தேவை. அந்த நடுவேலையைப் பேராசிரியர் தம் வேலையாகக் கருதுவதில்லை; தொழிற்சாலைக்காரரும் கருதுவதில்லை. அதை யாருடைய வேலையாக ஆக்குவது என்பதுதான் கேள்வி. இதற்கு நெடுங்காலம் முயன்று ஒரு விடை கண்ட தொழில்நுட்பக் கல்விக்கழகம், நம்மில் பலருக்கும் பெயரளவில் தெரிந்த சென்னை ஐ.ஐ.டி.

மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் தொடங்கப்பட்டது அது. கிண்டிக் காட்டை ஒட்டிய அந்த வளாகத்தில் மான்கள் திரிவதைச் சென்னைக்குச் சுற்றுலா சென்றவர்கள் பார்த்திருக்கலாம். தொடக்க காலத்தில் பொறியாளர்களை உருவாக்குவதே அதன் முதன்மைப் பணி. ஆனாலும் தொழில்துறைக்கு ஆலோசனை சொல்வதற்கும் வெளியிலிருந்து வரும் ஆய்வுப் பணத்தைக் கையாள்வதற்கும் அங்கே ஒரு தனி மையம் வைத்திருந்தார்கள். ஒப்பந்தம் எழுதுவது, காப்புரிமைக்கு விண்ணப்பிப்பது, உரிமம் பெறும் நிறுவனத்தோடு பேரம் பேசுவது எல்லாம் இத்தகைய மையத்தின் பொறுப்பு. வேதியியல் பேராசிரியர் வழக்கறிஞராகவும் கணக்கராகவும் மாற வேண்டியதில்லை. இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் பல கண்டுபிடிப்புகள் மாட்டிக்கொண்டு நிற்பது இந்தத் தாள் வேலையில்தான்.

அலுவலகம் ஒன்று இருந்துவிட்டால் மட்டும் போதுமா? ஒரு தண்ணீர் வடிகட்டியின் கதையைப் பார்ப்போம்.

2003இல் இந்தியாவில் போத்தல் தண்ணீரிலும் குளிர்பானங்களிலும் பூச்சிமருந்து கலந்திருப்பதாகப் புதுடில்லி ஆய்வு நிறுவனம் ஒன்று வெளியிட்ட அறிக்கை நாட்டையே உலுக்கியது. வயலில் தெளித்த மருந்து நிலத்தடி நீரில் இறங்கி, வீட்டுக் குவளைவரை வந்துவிட்டது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பூச்சிமருந்து போகாது. அந்தச் சமயத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் வேதியியல் பேராசிரியர் டி. பிரதீப்பும் அவருடைய மாணவர்களும், வெள்ளியின் மிக நுண்ணிய துகள்கள் இத்தகைய குளோரின் கலந்த சேர்மங்களை உடைத்துச் செயலற்றதாக்கும் என்று கண்டறிந்திருந்தனர். வெள்ளிப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக் குடிக்கும் பழக்கம் உள்ள சமூகத்துக்கு இது வியப்பாக இருக்காது. ஆனால் இது வேறு கதை. துகளின் அளவு நானோமீட்டர் கணக்கில் சுருங்கும்போதுதான் இந்தத் திறன் வெளிப்படுகிறது.

கண்டுபிடிப்பு அத்துடன் முடிந்தது. வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஆய்வுக்கூடத்துத் தூய நீரில் நடப்பது, உப்பும் இரும்பும் கலந்த கிணற்று நீரிலும் நடக்குமா? குழாயில் வேகமாக ஓடும் நீரில் நடக்குமா? வெள்ளித் துகள் கழன்று குடிக்கும் நீரிலேயே சேர்ந்துவிட்டால் என்ன செய்வது? பயன்படுத்தி முடித்த வடிகட்டியை எங்கே போடுவது? இக்கேள்விகளுக்கு விடை தேடுவதால் பேராசிரியருக்கு ஆய்வுக் கட்டுரை பெரிதாகக் கூடிவிடாது. விடை இல்லாமலோ பொருள் விற்பனைக்கு வராது. காப்புரிமை பெறப்பட்டு, யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்துக்கு உரிமம் வழங்கப்பட்டு, 2007இல் அந்த வடிகட்டி கடைக்கு வந்தது.

அதே குழு பின்னர் ஆர்செனிக் நஞ்சின்மீது கவனம் செலுத்தியது. மேற்கு வங்காளத்துக் கிராமங்களில் நிலத்தடி நீரிலேயே இயற்கையாகக் கலந்திருக்கும் நஞ்சு இது. நிறமில்லை, மணமில்லை. ஆண்டுக்கணக்கில் குடித்தால் தோல் தடித்துக் கறுத்து, இறுதியில் புற்றுநோய்வரை கொண்டுபோகும். ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. பிரதீப் குழுவினர் உருவாக்கிய ‘அம்ரித்’ என்ற வடிகட்டி முறை இதைக் குறைத்துக் காட்டியது. இங்கே வாங்குபவர் நகரத்துக் குடும்பத்தலைவி அல்லர். மாநில அரசாங்கமும் கிராமப் பள்ளிக்கூடமும். ஆகவே உரிமம் விற்கும் வழியும் வேறு, பராமரிக்கும் பொறுப்பும் வேறு. கிராமத்தில் வடிகட்டியைப் பொருத்துவது எளிது. அடுத்த ஆண்டும் அது ஓடுகிறதா என்று பார்க்க ஆள் வைப்பது கடினம்.

இனி, சென்னை ஐ.ஐ.டி.யின் உண்மையான பாடம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், வியப்பாக, காலத்தால் பின்தள்ளப்பட்ட ஒரு தொழில்நுட்பத்திலிருந்து வந்தது எனலாம். 1990களின் நடுவில் இந்தியாவில் ஏறக்குறைய நூறு பேருக்கு ஒரு தொலைபேசிதான். வீட்டுக்கு வீடு செம்புக்கம்பி இழுப்பது செலவு மிகுந்த வேலை. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, கம்பி இல்லாமல் வீட்டுக்கு இணைப்புத் தரும் ‘கார்டெக்ட்’ என்னும் முறையை உருவாக்கியது. அங்கே படித்து வெளியேறிய முன்னாள் மாணவர்கள் தொடங்கிய மைடாஸ் நிறுவனமும், அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்தன. பல கிராமங்களில் தொலைபேசி மணி ஒலித்தது, வெளிநாடுகளுக்கும் போனது. பிறகு கைப்பேசி அலை வந்தது, கார்டெக்ட் ஓரம்கட்டப்பட்டது.

சந்தைக் கணக்கில் பார்த்தால் அது தோல்வி. ஆனால் அந்தக் குழு ஒன்றைக் கண்டுகொண்டது. பேராசிரியர், மாணவர், சிறு நிறுவனம் மூவரும் நடந்து போகும் தூரத்தில் இருந்தால்தான் அந்த நடுவேலை நடக்கிறது. ஒப்பந்தத்தில் எழுத முடியாத எத்தனையோ விஷயங்கள் தேநீர் நேரத்தில்தான் கைமாறுகின்றன.

இந்த அனுபவத்தின் மேல் எழுந்ததுதான் வளாகத்துக்குப் பக்கத்தில், தரமணியில் உள்ள ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வுப் பூங்கா. 2010இல் திறக்கப்பட்டது. இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் முதல் ஆய்வுப் பூங்கா இதுவே. அதை முன்னின்று உருவாக்கியவரும் ஜுன்ஜுன்வாலாதான்.

பூங்கா என்றவுடன் அழகான கட்டடமும் வரவேற்பறையும் நினைவுக்கு வரும். அவை எல்லா நாட்டிலும் உண்டு. பல இடங்களில் தொழில்நுட்பப் பூங்கா என்பது வாடகை வசூலிக்கும் அலுவலகக் கட்டடமாகவே முடிந்துவிடுகிறது. பக்கத்துப் பல்கலைக்கழகத்து மாணவன் அந்த வாசலைத் தாண்டியிருக்கவே மாட்டான். சென்னையில் இதைத் தடுக்க ஒரு விதி வைத்தார்கள். அங்கே இடம் எடுக்கும் நிறுவனம், எடுத்த பரப்புக்கு ஏற்பப் புள்ளிகள் சம்பாதிக்க வேண்டும். பேராசிரியரோடு கூட்டு ஆய்வு செய்தால் புள்ளி. மாணவருக்குப் பயிற்சி வேலை கொடுத்தால் புள்ளி. தன் ஊழியரை முனைவர் பட்டத்துக்குச் சேர்த்தால் புள்ளி. வாடகை கட்டினால் மட்டும் போதாது. பெரிய கொள்கை ஆவணங்கள் செய்யாததை இந்த எளிய விதி செய்தது என்றே தோன்றுகிறது. ‘பேராசிரியரைப் பார்க்க நேரமில்லை’ என்று எந்த மேலாளரும் அங்கே சொல்லிவிட முடியாது.

பூங்காவோடு சேர்ந்தே, புதிய நிறுவனங்களைக் கைதூக்கிவிடும் தொழில் வளர்ப்பகமும் இயங்குகிறது. 2013இல் இரண்டு முன்னாள் மாணவர்கள் தொடங்கிய ஏத்தர் எனர்ஜி இங்கே தவழ்ந்து, ஓசூரில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை கண்டு, 2025இல் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது. 2017இல் தொடங்கிய அக்னிகுல் காஸ்மோஸ், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த இயந்திரம் பொருத்திய ராக்கெட்டை 2024 மே 30ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறக்கவிட்டது. அதன் தொடக்கத்தில் உடன் நின்றவர், எரிதல் துறை ஆய்வில் பெயர் பெற்ற ஐ.ஐ.டி. பேராசிரியர் சத்யா சக்கரவர்த்தி.

இங்கே ஒரு சங்கடமும் உண்டு. ஆசிரியரே ஒரு நிறுவனத்தின் பங்குதாரர் என்றால், அவரிடம் பட்டம் பெற வந்த மாணவனின் ஆய்வு யாருக்காக? மாணவன் முடிவை வெளியிட விரும்புவான். நிறுவனம் மறைக்க விரும்பும். அரசாங்கப் பணத்தில் வாங்கிய கருவி தனியார் வேலைக்கு ஓடலாமா? அமெரிக்கா 1980இல் பே-டோல் சட்டத்தின் மூலம், அரசாங்கப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பின் உரிமையைப் பல்கலைக்கழகம் வைத்துக்கொள்ள வழிசெய்தது. இந்தியாவில் அதுபோன்ற மசோதா 2008இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது, சட்டமாகவில்லை. ஒவ்வொரு கல்விக்கழகமும் தனக்கெனக் கொள்கை எழுதிக்கொள்கிறது. மலேசியாவில் அரசாங்க நிதி பெறும் ஆய்வுகளுக்கான அறிவுசார் சொத்து வணிகமயக் கொள்கை 2009இல் வந்தது. நம் நாட்டில் 2006இல் நான்கு பல்கலைக்கழகங்கள் ஆய்வுப் பல்கலைக்கழகங்களாக அறிவிக்கப்பட்டதும், 2010இல் யுடிஎம் ஐந்தாவதாகச் சேர்ந்ததும் நேயர்கள் அறிந்ததே. கொள்கை நம்மிடம் இருக்கிறது. நம்முடைய கேள்வி, அந்த நடுவேலைக்கு ஆள் இருக்கிறாரா என்பதே.

இலாபம் வராத பொருளுக்கு என்ன வழி? நடக்க இயலாத ஒருவர் நாள் முழுதும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே இருந்தால் உடலில் புண் வரும், இரத்த ஓட்டம் குறையும், எலும்பு வலுவிழக்கும். நிற்க வைக்கும் நாற்காலிகள் மேல்நாட்டில் உண்டு, விலையோ எட்டாது. வாங்க வசதியில்லாதவர்தான் பெரும்பாலும் வாடிக்கையாளர் என்றால், எந்த முதலீட்டாளர் பணம் போடுவார்? பேராசிரியர் சுஜாதா சீனிவாசனின் குழு, கையால் நெம்பி எழுந்து நிற்கக்கூடிய ‘அரைஸ்’ நாற்காலியை உருவாக்கியது. பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை நிதி தந்தது. சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரிக்க முன்வந்தது. 2019இல் அது வெளியிடப்பட்டது. முதல் மாதிரியிலிருந்து விற்பனைவரை ஆண்டுக்கணக்கில், பயன்படுத்துவோரை உட்கார வைத்து, எழச் சொல்லி, குறை கேட்டுத் திருத்தியிருக்கிறார்கள். அதே ஆய்வுக்கூடத்திலிருந்து பிறந்த நியோமோஷன் நிறுவனம், நாற்காலியோடு இணைத்து மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம்வரை சாலையில் ஓட்டக்கூடிய மோட்டார் வண்டியைச் செய்தது. வீட்டுக்குள் இருந்தவர் வேலைக்குப் போகிறார், கடைக்குப் போகிறார். காப்புரிமை எண்ணிக்கைப் பட்டியலில் இதுவும் ஒரு வரிதான்.

எல்லாவற்றையும் விற்கத்தான் வேண்டும் என்பதில்லை என்பதற்கும் அங்கேயே ஒரு சான்று இருக்கிறது. 2022 முதல் ஐ.ஐ.டி.யின் இயக்குநராக உள்ள பேராசிரியர் வி. காமகோடியின் குழு, ‘சக்தி’ என்ற கணினிச் செயலியை வடிவமைத்தது. கணினிக்கு மூளை போன்ற சில்லு அது. இத்தகைய வடிவமைப்புகளை வெளிநாட்டு நிறுவனங்கள் பெருந்தொகை பெற்றுக்கொண்டே உரிமம் தருவது வழக்கம். சக்தியின் வடிவமைப்பை இவர்கள் பொதுவில் திறந்து வைத்துவிட்டார்கள். கட்டணம் இல்லை, யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம். ஸ்கூடாயிலோ ஜூரோங்கிலோ படிக்கும் ஒரு மாணவர் இன்றிரவே அதை இறக்கிப் பார்க்கலாம்.