பாழ்மலைக் குடிலும் இரு நூல்களும்



அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கனடா எல்லைக்குச் சில கல் தொலைவில், வடக்குக் காஸ்கேட் மலைகளுக்கிடையே நிற்கிறது டெசலேஷன் சிகரம். உயரம் 6,102 அடி. 1926இல் காட்டுத்தீ அதன் சரிவுகளை அழித்த பிறகு, 'பாழ்' என்னும் பொருளில் வந்த பெயர் அது. உச்சியில் 1930களின் தொடக்கத்தில் கட்டிய தீக்காவல் குடில் ஒன்று இருக்கிறது. அதைக் காணவே இன்றும் பலர் அம்மலை ஏறுகிறார்கள்.

ராஸ் ஏரியின் கிழக்குக் கரையில் படகிலிருந்து இறங்கினால் நடக்கவேண்டிய தூரம் ஏழரைக் கிலோமீட்டர்தான். அதற்குள் ஏறவேண்டிய உயரமோ ஏறக்குறைய 4,400 அடி. கோடையின் பிற்பகுதியில் வழியில் தண்ணீர் கிடைப்பதரிது. குடிப்பதற்கானதைத் தோளில் சுமந்தே ஏறவேண்டும். முதற்பாதி முழுவதும் காடு. பிறகு மரங்கள் விலகிப் புல்வெளி விரிகிறது. கீழே ஏரி நீண்டு கிடக்கிறது. இதுவே உச்சி என்று நம்பி ஏறிய மேட்டுக்கு அப்பால் இன்னொரு மேடு எழுந்து நிற்கும். தெற்கே பனியாறு சுமந்த ஜாக் மலை. (அதன் பெயருக்கும் இந்த உரையில் வரவிருக்கும் ஜாக்குக்கும் தொடர்பில்லை.) வடக்கே இரட்டைக் கொம்புபோல் ஹோசோமீன்.

குடில் 14 அடிச் சதுரம். ஒரே அறை, நாற்புறமும் சன்னல். மரமற்ற உச்சியே கோபுரமாகிவிட்டதால் தனியே கோபுரம் எழுப்பவில்லை. நடுவில் ஆஸ்போர்ன் கருவி: வட்டத் தகட்டின்மேல் நிலப்படம், அதைச் சுற்றி நகரும் குறிபார்க்கும் சட்டம். புகை தெரிந்தால் சட்டத்தைத் திருப்பிக் கோணத்தைப் படித்து வானொலியில் சொல்லவேண்டும். ஒரு காவலர் தருவது திசை. வேறொரு மலையிலிருந்து இன்னொருவர் சொல்லும் கோடு அதை வெட்டும்போதுதான் தீயின் இடம் உறுதியாகும். மின்னல் பொழுதில் ஏறி நிற்க, கால்களுக்குக் கண்ணாடி பொருத்திய முக்காலி ஒன்றும் இத்தகைய குடில்களில் உண்டு.

1910 ஆகஸ்டில் இரண்டே நாளில் வடமேற்கு மாநிலங்களில் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர் எரிந்து, 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த அச்சம் பெற்றெடுத்த காவல் இது. 1935 முதல், கண்ட தீயை மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்குவதே விதியாயிற்று.

இக்காவலுக்குக் கவிஞர்கள் வந்தது கூலிக்காகவும் தனிமைக்காகவும். கேரி ஸ்னைடர் 1952இல், 22 வயதில், கிரேட்டர் மலையிலும் அடுத்த ஆண்டு சவர்டோ மலையிலும் காவலிருந்தார். 1954இல் அரசு அவரை நம்பத்தகாதவர் என ஒதுக்கியது; மெக்கார்த்தி காலம் அது. அவருடைய கல்லூரித் தோழர் பிலிப் வேலன் 1954, 1955 கோடைகளில் சவர்டோவில் இருந்தார். (தமிழில் எழுதினால் மலைக்கடவுளின் பெயராகிவிடுவது அவர் அறியாத பேறு.) தினைப்புனத்துப் பரணில் கிளி கடிந்த குறிஞ்சி மகளிரும் காவலுக்கு வந்தவர்களே, பாடல்கள் நினைவில் வைத்திருப்பது வேறொன்றை.

நண்பர்கள் சொன்ன வழியில் 1956 கோடையில் டெசலேஷனுக்கு ஏறியவர் ஜாக் கெருவாக். அதற்குள் ஸ்னைடர் ஜப்பான் சென்றுவிட்டார். கெருவாக் உச்சியில் இருந்தது 63 நாள். அந்த 63 நாளுக்கு அவர் இரு நூல்களில் இரு கணக்குக் கொடுத்திருக்கிறார்.

1958இல் வெளிவந்த 'தர்ம பம்ஸ்' நாவலில், தலைவன் மலையை விட்டு இறங்கும்போது பாதையில் மண்டியிட்டுக் குடிலுக்கு நன்றி சொல்கிறான். குடிலைத் தேடி வருவோர் பலரும் நெஞ்சில் சுமந்து வருவது இந்த நூலைத்தான். 1965இல் வந்த 'டெசலேஷன் ஏஞ்சல்ஸ்' காட்டும் மனிதன் வேறு. கடவுளை நேருக்குநேர் காணலாமென வந்தவன், மதுவும் துணையும் இல்லாத இடத்தில் தன்னையே கண்டு சலிக்கிறான். தான் கண்டுபிடித்த பந்தாட்டத்தைச் சீட்டுக்கட்டில் ஆடிப் பொழுதைத் தள்ளுகிறான். நகரத்துக்கு ஏங்குகிறான்.

பதிப்பாண்டை மட்டும் நோக்குவோர், நன்றி முதலில் வந்தது, கசப்பு வயதோடு சேர்ந்தது என்று கொள்வர். எழுதிய காலமோ தலைகீழ். கசந்த பக்கங்கள் மலைக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு 1956 இலையுதிர்காலத்திலேயே மெக்சிகோ நகரில் எழுதப்பட்டவை. 'தர்ம பம்ஸ்' எழுதப்பட்டது 1957 இறுதியில், 'ஆன் தி ரோட்' அவரைப் புகழுக்குள் தள்ளிவிட்ட பிறகு. சலிப்பு அருகிலிருந்து எழுதியது; நன்றி தொலைவிலிருந்து எழுதியது. தொலைவிலிருந்து எழுதியதைப் பொய் என்பது எளிது, ஆனால் நியாயமாகாது. புகழின் இரைச்சலில் நின்று திரும்பிப் பார்த்தவருக்கு அந்த 14 அடி அறை அப்படித்தான் தெரிந்திருக்கும். ஒரு நூலை மட்டும் படித்தவருக்குத் திசை கிடைக்கும். அந்த மனிதர் நின்ற இடம் கிடைக்காது.

ஸ்னைடரின் மலைக்குறிப்புகளில் இந்தத் தவிப்பு குறைவு. வேலை தெரிந்த கை அவருடையது; கண் பெரும்பாலும் சன்னலுக்கு வெளியே இருந்தது. புகையைக் காட்டிக்கொடுத்த அவரே பிற்காலத்தில், பழங்குடியினர் காட்டுக்கு அளவறிந்து தீயிட்ட முறையைப் பாடினார்; 1974இல் வந்த 'டர்ட்டில் ஐலண்ட்' தொகுப்பில் அக்கவிதை உள்ளது. ஒவ்வொரு தீயையும் உடனுக்குடன் அணைத்ததில் பல காடுகளில் விறகு சேர்ந்து, பின்வந்த தீக்கள் பெருந்தீயாயின என்பது இன்று அறிஞர் பலரும் ஒப்பும் செய்தி. தீக்காவலர் எவரும் கடமையில் தவறியதால் நேர்ந்ததன்று அது. 2023இல் மின்னல் விழுந்து சவர்டோ மலை எரிந்தபோது, அடிவார நெடுஞ்சாலையையே மூட நேர்ந்தது.

கெருவாக் குடிலில் உறங்கிய தொடக்க இரவொன்றில், வடக்குச் சன்னலில் கரிய பெரும் உரு ஒன்று நிற்கக் கண்டு மயிர்க்கூச்செறிந்ததாக எழுதியிருக்கிறார். அது ஹோசோமீன். பகலில் ஏறிவருவோர் தோளிலிருந்து தண்ணீர்ப் புட்டியை இறக்கி அதே சன்னலருகே நிற்கிறார்கள். அப்போது தெரிவது வெயில் பட்ட கல். படகு வரும் வேளைக்குள் இறங்கவேண்டும் என்பதால், இருட்டும்வரை அங்கே காத்திருப்போர் சிலரே.