கண் அளவு சமையலுக்கு, தராசு சோப்புக்கு

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



ராஜபாளையம் பக்கமிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். போன கூட்டத்தில் நிறைய குழுக்கள் எங்களிடம் கேட்டது ஒன்றுதான். "மேடம், சோப்பு செய்யச் சொல்லிக் கொடுங்க. லோன் எடுத்து ஆரம்பிச்சிரலாம்." கேட்பதில் தப்பில்லை. மலையடிவாரம் முழுக்கத் தென்னந்தோப்பு. நம்ம வீட்டில் சோப்பு வாங்காத மாதமும் இல்லை. நாமே செய்தால் என்ன என்று தோன்றத்தான் செய்யும்.

ஆனால் லோன் பேச்சுக்கு முன்னால், எங்கள் முதல் சோப்பு எப்படிக் கெட்டது என்பதைச் சொல்லிவிடுகிறோம். அதில் தப்பு உறுப்பினர்கள் பேரில் இல்லை, எங்கள் பேரில்தான்.

அடுப்பில் வைத்துக் காய்ச்சாமல் செய்கிற சோப்புக்குக் குளிர் முறை சோப்பு என்று பெயர். எண்ணெய், தண்ணீர், காஸ்டிக் சோடா, மூன்றே சாமான். கேட்க சுலபமாக இருந்தது. ராஜபாளையம் பக்கத்துக் குழு ஒன்றுக்கு அரைப் பக்கத் தாளில் அளவை எழுதிக் கொடுத்தோம். "ரொம்ப ஈஸிக்கா, நீங்களே செஞ்சிரலாம்" என்று சொல்லிவிட்டு, பாதியிலேயே இன்னொரு கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டோம்.

அந்தத் தாளில் நாங்கள் எழுதியது: எண்ணெய் 1 லிட்டர், காஸ்டிக் சோடா 180 கிராம், தண்ணீர் 400 மில்லி.

என்ன எண்ணெய் என்று எழுதவில்லை. தேங்காய் எண்ணெய் விற்கிற விலையில், குழுப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று நல்ல எண்ணத்தோடு அரை லிட்டர் தேங்காய் எண்ணெயும், அரை லிட்டர் ரேஷன் பாமாயிலும் சேர்த்திருக்கிறார்கள். சோப்பு பார்க்க அழகாக, வெள்ளையாக வந்தது. பத்தாம் நாள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள்.

அதில் ஒரு அக்கா, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிக்குப் போகிறவர். பேத்தியைக் குளிப்பாட்ட உட்கார்ந்தவர், "புது சோப்பாச்சே" என்று முதலில் தன் கையிலும் முழங்கையிலும் நன்றாகத் தேய்த்துப் பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் எரிச்சல். கழுவியும் அடங்கவில்லை. மறுநாள் உள்ளங்கையில் தோல் உரிந்துவிட்டது. நூலைத் தொட முடியவில்லை. ஒரு வாரக் கூலி போனது. அந்தச் சோப்பு பேத்தி மேல் பட்டிருந்தால்? அதை நினைத்தால் எங்களுக்கு இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.

அடுத்த கூட்டத்தில் அந்த அக்கா எங்களைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க எழுதிக் கொடுத்தபடிதான செஞ்சோம் மேடம்?" எங்களால் பதில் பேச முடியவில்லை. சாமான் செலவைக் குழுக் கணக்கில் எழுத வேண்டாம் என்று நாங்களே ஏற்றுக்கொண்டோம். அவருடைய உள்கடன் தவணையை அந்த வாரம் தள்ளி வைத்து, குழு தீர்மான நோட்டில் எழுதியது. ஆனால் போன கூலியும் உரிந்த தோலும் தீர்மானத்தில் திரும்பி வராது.

எங்கே தப்பு நடந்தது?

நல்ல சோப்பில் காஸ்டிக் சோடா மிச்சம் இருக்கக் கூடாது. அது எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறிவிட வேண்டும். ஆனால் ஒவ்வொரு எண்ணெயும் தனக்கு வேண்டிய அளவு காரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். 100 கிராம் தேங்காய் எண்ணெய் சுமார் 18 கிராம் எடுக்கும். பாமாயில் சுமார் 14 கிராம்தான். ஆமணக்கு எண்ணெய் சுமார் 13 கிராம். வேண்டியதுக்கு மேல் போட்டால் அது எண்ணெயில் வேலை செய்யாது, நம்ம தோலில் வேலை செய்யும்.

இன்னொன்று, ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ கிடையாது. எண்ணெய் தண்ணீரை விட லேசு. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயைத் தராசில் வைத்தால் சுமார் 915 கிராம்தான் வரும். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அன்றைக்கு ஊற்றிய இரண்டு எண்ணெய்க்கும் சேர்த்து 148 கிராம் காஸ்டிக் சோடா போதும். நாங்கள் எழுதிக் கொடுத்தது 180. முப்பது கிராமுக்கு மேல் காரம் சோப்புக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

நம்ம பெண்கள் கண் அளவில் கெட்டிக்காரர்கள். உப்பு, புளி, காரம் எதையும் நிறுத்துப் போடுவதில்லை, குழம்பு ருசியாகத்தான் இருக்கிறது. குழம்பில் உப்பு கூடினால் ஒரு உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டுச் சமாளிப்போம். சோப்பில் அந்தச் சமாளிப்பு நடக்காது. இங்கே கைப்பக்குவத்துக்கு முன்னால் தராசு வர வேண்டும். எண்ணெய், தண்ணீர், காஸ்டிக் சோடா மூன்றையும் கிராம் கணக்கில் நிறுக்க வேண்டும். டம்ளர், கரண்டி, லிட்டர் எதுவும் ஆகாது.

இரண்டாம் தடவை

அடுத்த முயற்சி ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் குழுவில். இந்தத் தடவை காலை முதல் கடைசி வரை நாங்கள் கூடவே இருந்தோம். கை உரிந்த அந்த அக்காவும் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். "மதினிமாரே, நிறுக்கிற வேலைய எங்கிட்ட விடுங்க" என்று தராசு முன்னால் உட்கார்ந்தவர், யாரையும் பக்கத்தில் விடவில்லை. அன்றைக்குச் செய்த அளவை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்:

தேங்காய் எண்ணெய் 400 கிராம்
ஆமணக்கு எண்ணெய் 100 கிராம்
காஸ்டிக் சோடா 80 கிராம்
தண்ணீர் 160 கிராம்

கணக்குப்படி இந்த எண்ணெய்க்கு 86 கிராம் காஸ்டிக் சோடா பிடிக்கும். 80 மட்டும் போட்டால் கொஞ்சம் எண்ணெய் மிச்சம் நிற்கும். அது தோலுக்கு நல்லது, நமக்கும் பாதுகாப்பு. எண்ணெயை மாற்றினால் இந்த அளவு செல்லாது. வேப்பெண்ணெய், நல்லெண்ணெய் எதைச் சேர்த்தாலும் புதுக் கணக்குப் போட வேண்டும். கடையில் கேட்கும்போது காஸ்டிக் சோடா என்றே கேளுங்கள். சலவை சோடா, ஆப்ப சோடா எல்லாம் வேறு.

செய்த முறை இதுதான்.

1. காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்தோம். பிள்ளைகள் யாரும் பக்கத்தில் இல்லை. ரப்பர் கையுறை, கண்ணாடி, முழுக்கை சட்டை போட்டுக்கொண்டோம். எவர்சில்வர் பாத்திரம், எவர்சில்வர் கரண்டி. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும், தீப்பிடிக்கிற வாயு கிளம்பும். சோப்புக்கு எடுத்த பாத்திரம் பிறகு சமையலுக்கு வேண்டாம்.

2. தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கினோம். காஸ்டிக் சோடா மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. பொங்கித் தெறிக்கும். அடுப்பே இல்லாமல் அந்தத் தண்ணீர் கொதிநீர் மாதிரி சூடாவதைப் பார்த்து எல்லோரும் அசந்துபோனார்கள். ஆவி வரும், குனிந்து மூச்சு விடாதீர்கள்.

3. பாத்திரத்தை வெளியே தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிற அளவுக்கு ஆறவிட்டு, எண்ணெயில் மெதுவாக ஊற்றிக் கிண்டினோம்.

இதற்கப்புறம் பதம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்களுக்கு நாங்கள் பதம் சொல்லித் தர வேண்டியதில்லை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா ஊர் இது. கை ஓயாமல் கிண்டுவது அவர்களுக்குப் பழக்கம். அரை மணி நேரத்துக்கு மேல் ஆளுக்கு ஆள் கை மாற்றிக் கிண்டினார்கள். கரண்டியைத் தூக்கி மேலே ஒரு கோடு இழுத்தால், கோலம் போட்ட மாதிரி அந்தக் கோடு உடனே மறையாமல் நின்றது. அதுதான் பதம். அச்சில் ஊற்றிச் சாக்குப் போட்டு மூடினோம்.

4. மறுநாள் காலையில் கையுறையோடு துண்டு போட்டோம். தேங்காய் எண்ணெய் சோப்பு சீக்கிரம் இறுகும். ரொம்பத் தாமதித்தால் வெட்டும்போது உடையும். ஏழு துண்டு கிடைத்தது.

5. நிழலில், காற்றுப் படும்படி இடைவெளி விட்டு அடுக்கி, நான்கு வாரம் வைத்தோம்.

"பால்கோவா இறக்கின உடனே விக்கலாம், இதுக்கு எதுக்கு மேடம் நாலு வாரம்?" என்று ஒருவர் கேட்டார். எண்ணெயும் காரமும் சேருகிற வேலை பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் முடிந்துவிடும். மீதி நாள், உள்ளே இருக்கிற தண்ணீர் வற்றுவதற்கு. ஈரத்தோடு தேய்த்தால் சீக்கிரம் கரைந்து போகும். ஆனால் அளவு தப்பிய சோப்பை நாலு வாரம் காய வைத்தால் சரியாகிவிடும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

அப்புறம் சோதனை. ஒரு மதினி மஞ்சள் தடவிப் பார்த்தார், சிவந்துவிட்டது. எல்லோரும் பயந்துவிட்டார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி சிவக்கிறதே, அதே கதைதான். எந்த சோப்புக்கும் மஞ்சள் சிவக்கும். மஞ்சள் பட்ட சேலையில் சோப்புப் போட்டால் கறை சிவப்பாவது தெரியுமே. அதனால் மஞ்சளை வைத்து நல்ல சோப்பு, கெட்ட சோப்பு பிரிக்க முடியாது. பள்ளிக்கூட ஆய்வக சாமான் விற்கிற கடையில் பி.எச். தாள் கிடைக்கும். சோப்பை நனைத்து நுரையில் தாளைத் தொட வேண்டும். 9, 10 காட்டினால் அது சோப்புக்கு இயல்பு. 11-க்கு மேல் போனால் உடம்புக்கு வேண்டாம். எங்களுக்கு 10-க்குள் நின்றது. தாள் நிறம் மாறுகிற வரைக்கும் அந்த அக்கா மூச்சு விடவில்லை.

ஏழு சோப்பும் ஏழு வீட்டுக்குப் போனது. பெரியவர்கள் மட்டும் ஒரு மாதம் குளித்துப் பார்த்தார்கள். உப்புத் தண்ணீரிலும் நுரை வருகிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். தேங்காய் எண்ணெய் சோப்பின் குணம் அது. இரண்டு பேர் தோல் வறண்டு போகிறது என்றார்கள். அதையும் நோட்டில் எழுதியிருக்கிறோம். அடுத்த தடவை எண்ணெய்க் கணக்கை மாற்ற அந்த எழுத்து உதவும்.

மறக்கக் கூடாதது

காஸ்டிக் சோடாவை டம்ளரிலோ, தண்ணீர் பாட்டிலிலோ, டப்பாவிலோ போட்டு அடுக்களையில் வைக்காதீர்கள். பிள்ளைகள் கல்கண்டு என்று வாயில் போட்டுவிடும். மூடி இறுக்கி, "விஷம்" என்று எழுதி, பூட்டி வையுங்கள். கையில் பட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் கழுவுங்கள். எலுமிச்சை, வினிகர், பேஸ்ட் எதுவும் தடவக் கூடாது. கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாயில் போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

லோன் எப்போது?

மெடிமிக்ஸ் சோப்பு எல்லோருக்கும் தெரியும். சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த டாக்டர் வி.பி. சித்தன், தோல் வியாதி வந்த தொழிலாளர்களுக்காக, மனைவியின் துணையோடு வீட்டிலேயே கையால் செய்து 1969-ல் தொடங்கியது அது. முதலில் உபயோகித்தவர்களுக்குக் குணம் தெரிந்தது, வியாபாரம் பிறகு வளர்ந்தது. நாமும் அந்த வரிசையில்தான் போக வேண்டும்.

குளிக்கிற சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். செய்து விற்க, 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். அது இல்லாமல் சந்தையில் வைக்கக் கூடாது. விலை போடும்போது எண்ணெய், காஸ்டிக் சோடா, உறை இதோடு உங்கள் கைக்கூலியையும் எழுதுங்கள். நான்கு வாரம் முடங்குகிற பணத்தையும் எழுதுங்கள். வட்டி அந்த நான்கு வாரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அதனால் எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான். முதலில் தராசு. அரைக் கிலோ எண்ணெய். ஒரு நோட்டு. மூன்று தடவை செய்து, மூன்று தடவையும் நன்றாக வந்தால், அந்த நோட்டை இந்தக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். உரிமம், லோன் எல்லாம் அதை வைத்துக்கொண்டு பேசுவோம்.

பழைய அரைப் பக்கத் தாள் யாரிடமாவது இருந்தால், இப்போதே எங்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புதுத் தாள் அந்தத் தறிக்காரக்கா கையில் இருக்கிறது. வாசலில் தராசோடு உட்கார்ந்திருக்கிறார். போகும்போது நிறுத்துப் பழகிவிட்டு, தாளை வாங்கிக்கொண்டு போங்கள்.