பனி பெய்வதில்லை

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



இங்கே பலரும் ஏலத்தோட்டம் பார்க்கிறவர்கள். நான் வட்டவடையில் காய்கறி போடுகிறவன். தை மாதம் போடியில் ஒரு துண்டைப் போர்த்தினால் போதும். அதே ராத்திரி மேலே உருளைக்கிழங்குச் செடி கருகிப் போகும். விதைக்கிழங்கு கடனில் வாங்கியது. செடி போனால் கடன் மட்டும்தான் மிஞ்சும்.

பனி "பெய்யுது" என்கிறோம். உறைபனி மேலேயிருந்து பெய்வதே இல்லை. மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில், நிலம் பகலில் வாங்கிய சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையையொட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஆள் உயரத்தில் 2, 3 டிகிரி இருக்கும்போதே இலைமேல் பனி உறைந்துவிடும். "பள்ளத்துக் காட்டுல கிழங்கு போடாதேப்பா" என்று பெரியவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

ஆகவே குளிர் தாங்கும் கேரட், முட்டைக்கோஸ், பூண்டு ஆகியவற்றைப் பள்ளத்தில் போடலாம். புவிசார் குறியீடு பெற்ற காந்தளூர்–வட்டவடைப் பூண்டு குளிருக்குப் பழகியது. உருளைக்கிழங்கு, பீன்ஸ், தக்காளி சரிவில் இருக்கட்டும். கீழ்வேலியை அடைத்துக் கட்டாதீர்கள். குளிர்காற்று இறங்கிப் போக வழி வேண்டும்.

பகலிலேயே தண்ணீர் பாய்ச்சுங்கள். ஈரமண் சூட்டை அதிகம் பிடித்து வைக்கும். பொழுது சாயுமுன் செடியை மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். ஸ்பிரிங்ளர் உள்ளவர்கள் உறையத் தொடங்குமுன் போட்டு, வெயில் வந்து பனிக்கட்டி கரையும்வரை நிறுத்தக் கூடாது. 1 கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை விடுகிறது; அதுதான் செடியைக் காப்பது. பாதியில் நிறுத்தினால் சேதம் கூடும்.

கனடா, ரஷ்யா போன்ற நாடுகளில் கடைசிப் பனிக்கும் அடுத்த முதல் பனிக்கும் இடைப்பட்ட நாட்களை எண்ணித்தான் விதைக்கிறார்கள். நமக்கு அந்த நெருக்கடி இல்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை விழித்திருந்தால் போதும்.

ஏலத்தோட்ட நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் நிழல் மரம் பகலில் குடை, ராத்திரியில் போர்வை. அளவுக்கு மீறிக் கிளை கழித்தால் போர்வை கிழியும்.

தம்பி, தங்கைகளே, ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, செடி உயரத்தில் வையுங்கள். விடியுமுன் பார்த்து நோட்டில் எழுதுங்கள். மூன்று வருஷக் கணக்கு கையில் இருந்தால், எந்தப் பாத்தியில் எதைப் போடுவது என்று அப்பாவுக்கு நீங்களே சொல்லலாம்.